மூன்றாம் வகையும் நான்காம் வகையும்

கோயிலில் நடந்த இரத்ததான முகாமில் இரத்தம் கொடுத்த மீனவர் ஒருவருக்கு, மூன்று கிழமை கழித்து இரத்த வங்கியிலிருந்து ஒரு கடிதம் போனது. மறுபடி ஒரு பரிசோதனை செய்ய வேண்டும், உடனே வரவும் என்று இருந்தது. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் அங்கே ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். மறுபரிசோதனைக்கு இரத்தம் எடுத்ததும் நான்தான்.

அவருக்கு ஈரல் அழற்சி சீ வைரஸ் இருந்தது. அது இரத்தத்தோடு போகிற வைரஸ். உடம்பில் புகுந்தால் இருபது வருடம்கூடச் சத்தமில்லாமல் இருந்து ஈரலைத் தின்னும். அவருக்கு ஒரு நோவும் இல்லை. அதிகாலையில் கடலுக்குப் போய் வெயில் ஏற முதல் திரும்பி வருகிற மனிதர். நாற்பத்தைந்து வயதுக்கு நல்ல திடகாத்திரம்.

வீட்டில் எல்லோரையும் கூட்டிவரும்படி டொக்டர் சொன்னார். ஒன்பது வயது மகளின் இரத்தம் சுத்தமாக இருந்தது. மனைவிக்கும் வைரஸ் இருந்தது.

இவர்களின் பெயரை நான் எங்கும் சொல்லப்போவதில்லை. ஊர் சின்னது. அவள் முள்ளிக்குளத்துப் பெண். இடம்பெயர்ந்து அங்குமிங்கும் அலைந்த குடும்பத்தில் மூத்தவள். தம்பி தங்கைகளுக்காக வளைகுடா நாடொன்றில் ஏழு வருடம் வீட்டுவேலை செய்துவிட்டு வந்து, பிறகு இவரைக் கலியாணம் செய்து, மன்னார்த் தீவில் இவருடைய வீட்டுக்கு வந்தவள். நண்டு பதப்படுத்தும் கொம்பனி ஒன்றில் வேலை. நண்டுத் தசையை ஓடு கலக்காமல் பிரித்தெடுப்பதில் அவளைப்போல வேகமான கை அங்கே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டாம் முறை இரத்தம் எடுக்க இருவரும் வந்தபோது அவருடைய அக்காவும் கூட வந்தார். அக்காதான் அவரைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவர். அதே வளவில் பக்கத்து வீடு. நான் மனைவியின் கையில் றப்பர்ப் பட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன், அக்கா எனக்கு மேலே குனிந்து நின்று கேட்டார்.

“மிஸ், இது வெளிநாட்டில இருந்து கொண்டுவந்த வருத்தம்தானே? என்ர தம்பி ஒரு கெட்ட பழக்கமும் இல்லாத பிள்ளை. இவ வந்தாப்பிறகுதான் அவனுக்குத் தொத்தினது.”

“அப்பிடி இப்ப ஒருவராலையும் சொல்லேலாது, அம்மா. நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோ.”

அக்கா வெளியே போனார், ஆனால் கதவடியில்தான் நின்றார். கணவர் கதிரையில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்னதை அவர் மறுக்கவில்லை. ஊசி ஏறும்போது அவள் முகத்தைத் திருப்பவில்லை, இரத்தம் குழாயில் ஏறுவதையே பார்த்தாள். நான் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னபோது மெதுவாகச் சொன்னாள்.

“நான் அங்க வேலை செய்தனான், மிஸ். வேற ஒண்டும் செய்யேல்லை.”

“உங்களை ஒருவரும் அப்பிடிக் கேக்கேல்லை.”

“கேக்கினம். வாயால கேக்கேல்லை, அவ்வளவுதான். வீட்டில எனக்கெண்டு ஒரு கோப்பை, ஒரு சாப்பாட்டுப் பீங்கான். வெளியில நிக்கிற மச்சாள் அதைத் தொடுறதுக்கு முதல் சுடுதண்ணி ஊத்துவா.”

கோப்பையாலோ சாப்பாட்டாலோ இது தொற்றாது, கணவன் மனைவியாக இருப்பதால் தொற்றுவதும் மிக அரிது என்று நான் கணவருக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன். பிறகு அவளிடம், எப்போதாவது உடம்பில் இரத்தம் ஏற்றியிருக்கிறார்களா என்று கேட்டேன்.

“ஓம். அங்க இருக்கேக்க வயித்தில ஒப்பரேசன் செய்தவை. ரெண்டு போத்தல் ஏத்தினது.”

அதே கேள்வியை அவரிடம் கேட்டேன். அவர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார். காற்சட்டையின் மேலால் தொடையைத் தடவிக் காட்டினார். கடைசிச் சண்டையில் வன்னிக்குள் அகப்பட்டிருந்தபோது செல் துண்டு பட்ட இடம். ஒரு பள்ளிக்கூடத்துக்குள் கிடத்தி, நிறைய இரத்தம் ஏற்றினார்களாம். யார் கொடுத்த இரத்தம் என்று அவருக்குத் தெரியாது. அதனால்தான் உயிரோடு இருக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

நான் இரண்டையும் குறித்துக்கொண்டு போய் டொக்டரிடம் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்து மனிதர், அளந்து பேசுவார். கணவரின் ஈரல் ஸ்கானில் இறுகத் தொடங்கியிருந்தது. இப்போதுள்ள குளிசைகள் இந்த வைரஸின் எல்லா வகைகளுக்கும் வேலை செய்யும். ஆனாலும் ஈரல் இறுகியவருக்கு என்ன வகை என்று தெரிந்தால், எத்தனை மாதம் கொடுப்பது, கூட இன்னொரு மருந்து சேர்ப்பதா என்று முடிவெடுக்க உதவும். “ரெண்டு பேரின்ரையும் வகையைப் பாப்பம்” என்றார் டொக்டர். மனைவியின் வகையைப் பார்க்க அவருக்கு மருத்துவக் காரணம் அவ்வளவு இருக்கவில்லை. கதவடியில் நின்ற அக்காவின் குரல் அவருடைய அறைவரை கேட்டிருக்கிறது.

வகை பார்க்கும் வசதி எங்களிடம் இல்லை. கொழும்பில் ஒரு பெரிய ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். அடுத்த கிழமையே நான் அதே ஆய்வுகூடத்துக்கு ஆறு மாதப் பயிற்சிக்குப் போக இருந்தேன். அதனால் மாதிரிகளை நானே கொண்டுபோனேன். இரத்தத்தைச் சுழற்றித் தெளிந்த நீரைப் பிரித்து, இரண்டு குழாய்களில் விளிம்புவரை நிரப்பி, மீன் அனுப்புகிற வெள்ளை றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்து ரயில் ஏறினேன். தீவுப் பாலத்தைத் தாண்டும்போது பக்கத்தில் இருந்தவர், “என்ன, இறாலோ?” என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். மதவாச்சிவரை அவர் இறால் விலையைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார்.

கொழும்பில் எனக்கு வேலை பழக்கியவர் ஒரு சிங்களப் பெண்மணி. எல்லோரும் அவரை அக்கா என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். முதல் நாளே என் கையைப் பார்த்துவிட்டு, உனக்கு நிதானம் இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னார். அது எனக்குத் தெரிந்த விசயம்தான்.

வேலை இப்படி. தெளிந்த நீரில் கொஞ்சம் எடுத்து, அதிலிருந்து வைரஸின் மரபுப்பொருளைப் பிரித்தெடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த இழையை இயந்திரத்தில் வைத்துக் கோடிக்கணக்கில் பெருக்க வேண்டும். பிறகு விரல் நீள வெள்ளைப் பட்டி ஒன்றை அதில் ஊறப்போட வேண்டும். பட்டியில் வெவ்வேறு இடங்களில் வைரஸின் ஒவ்வொரு வகைக்கும் உரிய துண்டு ஒட்டப்பட்டிருக்கும். இந்த வைரஸ் எந்த வகையோ அந்த இடத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளும், அங்கே ஊதா நிறத்தில் கோடு விழும். கோடுகளை ஒரு அட்டையோடு ஒப்பிட்டால் வகை தெரியும். எல்லாம் ஒரே வைரஸ்தான், ஆனால் முக்கிய வகைகள் ஆறுக்கு மேல். ஒரு மனிதரிடமிருந்து மற்றவருக்குப் போகும்போது வைரஸ் தன் வகையை மாற்றாது. எங்கள் நாட்டிலும் இந்தியாவிலும் மூன்றாம் வகை அதிகம். நான்காம் வகை எகிப்து, அரபு நாடுகள் பக்கம் அதிகம்.

மூன்றாவது மாதத்தில் நான் தனியாகச் செய்ய அனுமதி கிடைத்தது. கொழும்பு அக்கா மேற்பார்வை, கை என்னுடையது. மன்னார்க் குழாய்கள் இரண்டும் அந்தத் தொகுதியில் இருந்தன. நான் கேட்டுத்தான் அதில் சேர்த்தேன்.

பட்டிகள் காய்ந்ததும் வரிசையாக ஒட்டி வெளிச்சத்தில் பார்த்தேன். கணவர், மூன்றாம் வகை. மனைவி, மூன்றாம் வகை. கோடுகள் அச்சடித்ததுபோல இருந்தன. ஒப்பீட்டுக்கு வைத்த பட்டிகளும் சரியாக இருந்தன. அறிக்கையை எழுதி அக்காவின் மேசையில் கையெழுத்துக்கு வைத்தேன். பின்னேரம் அவர் கையெழுத்துப் போட்டதும் மன்னாருக்குப் போய்விடும்.

சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி பட்டிகளைப் பார்த்தேன். ஏதோ மனதில் உறுத்தியது. ஒரே வகை என்றால் அவள் கொடுத்தாள் என்று அர்த்தமில்லை. இங்கே இந்த வைரஸ் யாருக்கு இருந்தாலும் பெரும்பாலும் மூன்றாம் வகைதான். எனக்கு அது தெரியும், டொக்டருக்குத் தெரியும். மச்சாளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார். இந்தக் கடுதாசி போய்ச் சேர்ந்தால் அந்த வீட்டில் அவளுக்கென்று வைத்த கோப்பை அவள் சாகும்வரை தனிக் கோப்பைதான். அந்த நினைப்பில்தான் முடிவை நம்ப மறுக்கிறேனோ என்று முதலில் என்மேலேயே சந்தேகப்பட்டேன். பட்டி யாருக்காகவும் இரங்காது, நானும் இரங்கிப் படிக்கக் கூடாது. அதனால் அவளை மறந்துவிட்டுப் பட்டியை மட்டும் பார்த்தேன்.

அப்போது பிடிபட்டது. இரண்டும் அளவுக்கு மிஞ்சி ஒன்றாக இருந்தன. கணவரின் இரத்தத்தில் வைரஸ் மிக அதிகம், மனைவியின் இரத்தத்தில் மிகக் குறைவு என்று முன்பே வேறு குழாய்களில் அனுப்பிப் பார்த்த வைரஸ் எண்ணிக்கை சொன்னது. அப்படியிருக்க, அவளுடைய கோடுகள் கொஞ்சமாவது வெளிறியிருக்கலாம். இங்கே ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. மேலே ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு, அதுவும் இரண்டிலும் ஒரே அளவில் மங்கல்.

நான் குளிர்ப்பெட்டியைத் திறந்து இரண்டு மூலக் குழாய்களையும் எடுத்தேன். கணவருடைய குழாய் நன்றாக இறங்கியிருந்தது, இரண்டு தடவை எடுத்த அளவுக்கு. மனைவியுடைய குழாய் விளிம்புவரை நிறைந்திருந்தது. மன்னாரில் நான் நிரப்பி மூடியபடியே, ஒரு சொட்டும் குறையாமல்.

நடந்தது எனக்கு உடனே விளங்கியது. இருவருக்கும் குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயரின் முதல் எழுத்தும் ஒன்று. அந்த இரண்டு எழுத்தும் ஒரு வரிசை எண்ணும்தான் குழாயில் எழுதியிருந்தேன். அவருடையதை எடுத்து முடித்த நேரம் யாரோ தேநீருக்குக் கூப்பிட்டார்கள். வந்து அமர்ந்து, எண்ணைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் பார்த்து, அதே குழாயில் மறுபடி கை வைத்திருக்கிறேன். நிதானம் உள்ள கை.

அக்காவின் மேசையில் அறிக்கை இன்னும் கையெழுத்தாகாமல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய், இரண்டு குழாய்களையும் அவர் முன்னால் நிறுத்தி, என் பிழை என்று சொன்னேன். எனக்குச் சிங்களம் தடுமாறும். அன்றைக்குத் தடுமாறவில்லை. அவர் குழாய்களைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஒரு கேள்விதான் கேட்டார், இதைக் கண்டுபிடித்தது யார்?

“நான்தான்.”

பதிவேட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். நடந்ததை ஒளிக்காமல் எழுதி, என் பெயரை முழுதாகப் போட்டேன். பழைய அறிக்கையின் குறுக்கே கோடு கிழித்தார். அடுத்த தொகுதியை இந்தக் குழாய்களோடு தொடங்கு, இம்முறை முழுப் பெயரும் எழுது என்றார்.

இரண்டு நாள் கழித்துப் பட்டிகள் வந்தன. கணவரின் பட்டி முன்புபோலவே, மூன்றாம் வகை. மனைவியின் பட்டியில் கோடுகள் மெல்லியதாக, ஆனால் தெளிவாக, வேறு இடங்களில் விழுந்திருந்தன. அட்டையை வைத்து ஒப்பிட்டேன். நான்காம் வகை. நான் அதோடு நிறுத்தவில்லை. எழுத்து எழுத்தாக வைரஸைப் படிக்கும் இன்னொரு முறை அங்கே இருந்தது. அதிலும் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். அக்கா சரி என்றார். அதுவும் நான்கு என்றே சொன்னது. அக்கா கையெழுத்துப் போட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு இப்போது ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

அடுத்த மாதம் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது டொக்டர் என்னைக் கிளினிக்குக்கு வரச்சொன்னார். தோட்டவெளியில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போனேன். இருவரும் அறையில் இருந்தார்கள். ஒரே வாங்கிலில், ஆனால் நடுவில் இன்னொருவர் இருக்கலாம்போல இடைவெளி. அவள் மகளையும் கூட்டிக்கொண்டு ஆறு கிழமையாக முள்ளிக்குளத்தில் தாய்வீட்டில் இருக்கிறாள் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். நண்டுக் கொம்பனியில் யாரோ அவளோடு ஒரே மேசையில் இருக்க மாட்டேன் என்று சொல்லி, அவள் வேலையையும் விட்டிருந்தாள். அந்தக் கதை கொம்பனிவரை எந்த வீட்டிலிருந்து போனது என்று எல்லோருக்கும் தெரியும்.

டொக்டர் சிகிச்சையைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு, “மிச்சத்தை இவ சொல்லுவா, இவதான் செய்தவ” என்று என்னைக் காட்டினார்.

“உங்கள் ரெண்டு பேருக்கும் இருக்கிறது ஒரே வைரஸ், ஆனா வேற வேற வகை,” என்றேன். “உங்களுக்கு மூண்டாம் வகை, ஐயா. இவவுக்கு நாலாம் வகை. மூண்டு நாலாக மாறாது. இவவிட்ட இருந்து உங்களுக்கு வரேல்லை. உங்களிட்ட இருந்து இவவுக்கும் போகேல்லை.”

அவர் என்னையே பார்த்தார். விளங்காத பார்வை. “வைரஸ் எண்டா ஒண்டுதானே, மிஸ்?”

நான் வாய் திறக்குமுன் அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அந்த அறைக்குள் வந்தபிறகு அவள் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“நண்டு எண்டா எல்லாம் நண்டுதான். உங்கட வலையில மூண்டு பொட்டு நண்டும் வரும், நீலக்கால் நண்டும் வரும். மூண்டு பொட்டு நண்டு நீலக்கால் நண்டைப் பெறுமோ?”

அவர் இல்லையென்று தலையசைத்தார். வெளியே யாரோ இலக்கம் கூப்பிட்டார்கள்.

“அப்ப எனக்கு எங்கால வந்தது?” என்று என்னிடம் கேட்டார்.

“அதைப் பட்டி சொல்லாது. வன்னியில ஏத்தின இரத்தத்தில இருந்திருக்கலாம். வேற வழியிலயும் இருக்கலாம். வந்த வழி எனக்குத் தெரியாது. இவ தரேல்லை எண்டது மட்டும் தெரியும்.”

“நிச்சயமோ?”

“நிச்சயம். ரெண்டு முறையில பாத்தனான்.”

முதல் தடவை நான் விட்ட பிழையையும் சொன்னேன். டொக்டர் புருவத்தை உயர்த்தினார், ஆனால் தடுக்கவில்லை. அவர்களுடைய இரத்தம், அவர்களுக்குத் தெரியவேண்டும் என்று நினைத்தேன். முதல் கடுதாசி வந்திருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே வகை என்றுதான் இருந்திருக்கும் என்று சொன்னபோது அவளுடைய கை வாங்கிலின் விளிம்பை இறுகப் பிடித்தது. பிறகு விட்டது.

அவர் முகத்தை இரண்டு கையாலும் துடைத்தார். “நான் இவளை ஏசிப் பேசேல்லை, மிஸ்,” என்றார். “ஒரு வார்த்தை பேசேல்லை.”

“ஓம், பேசேல்லை,” என்றாள் அவள். “அக்கா பேசேக்கையும் நீங்கள் பேசேல்லை.”

டொக்டர் இரண்டு அறிக்கைகளையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். கணவர் அவளுடைய அறிக்கைக்குக் கை நீட்டினார். “தாவன், அக்காவுக்குக் காட்டுறன்.”

அவள் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். “இது என்ர. என்ர இரத்தத்தை நான் ஒருவருக்கும் காட்டத் தேவையில்லை. அவ உங்கட அக்கா. நீங்கள் உங்கட வாயால போய்ச் சொல்லுங்கோ. சொன்னாப்பிறகு வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

எழுந்து, டொக்டருக்கும் எனக்கும் வாறன் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் யன்னலால் பார்த்தேன். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை, முள்ளிக்குளத்துக்குப் போகிற சிலாவத்துறை பஸ் நிற்கும் பக்கம் நடந்து போனாள். அவர் இன்னும் வாங்கிலிலேயே இருந்தார். நல்ல மனிதர்தான். வளர்த்த அக்காவை எதிர்த்து ஒரு சொல் சொல்ல அவருக்கு நாற்பத்தைந்து வயதுவரை தேவை வரவில்லை.

பத்து நாள் எடுத்தது. என்ன சொன்னார், அக்கா என்ன சொன்னார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து, கோயில் முற்றத்தில் ஆட்கள் நிற்கும்போது அவர் அக்காவிடம் சொன்னார் என்று மட்டும் பிறகு கேள்விப்பட்டேன். வீட்டுக்குள் வைத்துச் சொல்லியிருந்தால் வீட்டுக்குள்ளேயே போயிருக்கும், அதனால் அங்கே வைத்துச் சொன்னாராம். அக்கா அழுதுகொண்டு போனாராம். அன்று பின்னேரமே அவர் மோட்டார் சைக்கிளில் முள்ளிக்குளம் போய் மனைவியையும் மகளையும் கூட்டிவந்தார்.

குளிசை தொடங்கியது. அவளுக்கு மூன்று மாதம், அவருக்கு ஈரல் இறுகியிருந்ததால் ஆறு மாதம், கூடவே இன்னொரு மருந்து. அந்த மருந்து அவரைக் களைக்க வைத்தது. கடலுக்குப் போகாத நாட்களும் இருந்தன. அந்த மாதங்களில் அவள் கொம்பனிக்குத் திரும்பிப் போனாள். அங்கே மேற்பார்வை செய்கிறவர் என்னை வந்து கண்டு, ஒரே மேசையில் இருந்தால் ஆபத்தா என்று கேட்டார். யாருடைய கதையையும் நான் கதைக்க மாட்டேன் என்று சொன்னேன். பொதுவாக இந்த வைரஸ் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கத்தி வெட்டினால் யாராக இருந்தாலும் காயத்தை மூடிவிட்டுத்தான் வேலை என்பதையும் சேர்த்தேன். அதைச் சுவரில் ஒட்டினார்கள்.

அவருடைய அக்கா மாறினாரா என்று என்னிடம் கேட்டால், முழுதாக இல்லை. ஒருநாள் தன் சீனி வருத்தத்துக்கு இரத்தம் சோதிக்க வந்தார். நான் கூப்பிட்டதும் வந்து அமர்ந்து, கையை நீட்டி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார், “நீங்கள் அண்டைக்குச் சொன்னது சரி, மிஸ். ஒருவராலையும் சொல்லேலாதெண்டு.” மன்னிப்பு என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது. ஆனால் அவர் அதற்காகவே ஓர் இரவு தூக்கம் கெட்டிருந்தார் என்று முகத்தில் தெரிந்தது. நான் நோகாமல் ஊசி ஏற்றினேன்.

சிகிச்சை முடிந்து மூன்று மாதத்தில் பார்க்கிற பரிசோதனைதான் கடைசித் தீர்ப்பு. அவளுடையது முதலில் முடிந்தும், இருவருடைய முடிவையும் சேர்த்துத்தான் கேட்பேன் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். அவருடையதும் வந்த அன்று, கிளினிக்குக்குத் திகதி சொல்லும்படி டொக்டர் என்னிடம் சொன்னார். முடிவையும் சொல்லலாமா என்று கேட்டேன், சொல்லுங்கோ என்றார்.

நான் போன் எடுத்தபோது அவள் கொம்பனியில் இருந்தாள். பின்னால் தண்ணீர் அடிக்கும் சத்தமும் பெண்களின் கதையும் கேட்டன.

“உங்கட முடிவு வந்திருக்கு. வைரஸ் இல்லை. துப்பரவா இல்லை.”

“அவருக்கு?”

“அவருக்கும் இல்லை.”

அவள் பக்கத்தில் யாரிடமோ ஏதோ சொன்னாள், அந்தப் பெண் சிரித்தாள்.

“சரி, மிஸ்,” என்றாள் என்னிடம். “நண்டுக் கூடை வந்திட்டுது. நான் போய் வேலையைப் பாக்கிறன்.”